கண்ணாடி வீட்டுக் கமேலியா

நாள்தோறும் காலையில் நாம் பருகும் தேநீருக்குரிய செடியை அறியாதார் இலர். அதற்கு உடன்பிறந்த செடியொன்று உண்டு என்பதை அறிந்தார் நம்முள் சிலரே. தேயிலைச் செடிக்குத் தாவர நூலார் வழங்கும் பெயர் கமேலியா சைனென்சிஸ் என்பதாகும். நீலகிரிச் சரிவுகளில் வரிசை வரிசையாக நாம் காண்பது அதுவே. அதன் குலத்திலேயே தோன்றிய மற்றொரு செடி கமேலியா ஜப்பானிகா. முன்னதை மக்கள் இலைக்காகப் போற்றினர். பின்னதை மலருக்காகப் போற்றினர். இன்று நான் பேச எடுத்துக்கொண்டது பின்னதைப் பற்றியே.

கமேலியாவின் இலை தடித்தது. எண்ணெய் பூசினாற்போல் மின்னும் கரும்பச்சை நிறமுடையது. மலர் வெண்மையாகவும், இளஞ்சிவப்பாகவும், குருதிச் சிவப்பாகவும் பல வகைப்படும். ஒற்றை வரிசை இதழ்களை உடையனவும் உண்டு; ரோஜாவைப்போல் அடுக்கடுக்காக அமைந்தனவும் உண்டு. பெரும்பாலானவற்றுக்கு மணம் இல்லை. ஆயினும் மற்றச் செடிகள் உறங்கும் குளிர்காலத்திலும், அதனை அடுத்துவரும் இளவேனிலின் தொடக்கத்திலும் அது பூக்கிறது. பிற பூக்கள் இல்லாத காலத்தில் பூப்பதனாலேயே அதற்குப் பெருமதிப்பு உண்டாயிற்று.

இங்கிலாந்து, பிரான்ஸ், ஜெர்மனி முதலிய நாடுகளில் இச்செடி நூற்றாண்டுக்கும் மேலாகத் தொட்டியிலும் கண்ணாடிக் கூரையின் கீழுமே பெரும்பாலும் வாழ்ந்தது. அதனை அங்ஙனம் அடைத்து வைத்தது செடியின் இயல்பன்று. மனிதர் கொண்ட ஒரு தவறான எண்ணமே. அவ்வெண்ணம் எங்ஙனம் பிறந்தது, ஏன் நெடுங்காலம் நிலைத்தது, எங்ஙனம் தளர்ந்தது என்பதே இவ்வுரையின் பொருள்.

முதலில் செடியின் தாயகத்தைப் பார்ப்போம். சீனம், கொரியா, ஜப்பான் ஆகிய நாடுகளே அது. ஜப்பானியர் இதனைத் 'த்சுபாக்கி' என்பர். சீனர் வழங்கும் பெயருக்கு 'மலைத் தேயிலை' என்பது பொருள். இரு செடிகளும் உறவின என்பதை அப்பெயரே உணர்த்துகின்றது. ஸ்வீடன் நாட்டு அறிஞர் லின்னேயஸ் 1753-இல் வெளியிட்ட தம் நூலில் இவற்றை இரண்டு வெவ்வேறு குலங்களாகப் பிரித்து வைத்தார். பின்வந்த தாவர நூலார் இரண்டையும் ஒரே குலமாக்கினர். சீன உழவர் பெயரால் உணர்த்திய உறவை ஐரோப்பியக் கல்வி சற்றுச் சுற்றி வந்து அடைந்தது எனலாம்.

இங்கே ஒரு செய்தியை மாணவர்கள் நினைவில் வைக்க வேண்டும். ஜப்பானில் கமேலியா வெப்பமான தென்தீவுகளில் மட்டும் வளர்வதன்று. பெருந்தீவாகிய ஹொன்ஷுவின் வடகோடியில் ஆவோமோரி என்னும் பகுதி உண்டு. குளிர்காலத்தில் ஆளுயரத்துக்கும் மேல் பனி குவியும் இடங்கள் அங்கே உள்ளன. அப்பகுதியின் கடற்கரைக் குன்றொன்றில் காட்டுக் கமேலியாக்கள் தாமாகவே வளர்ந்து நிற்கின்றன. 'பனிக் கமேலியா' என்னும் மற்றோர் இனம் ஜப்பானின் மேலைக் கடலோர மலைகளில் மாதக்கணக்காகப் பனியின் அடியில் படுத்துக் கிடந்து, பனி உருகியதும் எழுந்து பூக்கிறது. இத்தகைய செடிக்கு அனல் மூட்டிக் காக்கும் அறை எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். அதைத்தான் ஐரோப்பியர் நெடுங்காலம் கேட்கவில்லை.

ஜப்பானியரும் கமேலியாவைத் தொட்டியில் வளர்த்ததுண்டு. கூமமோட்டோ நகரத்துப் போர்வீரர் குடும்பங்கள் 'ஹிகோ' என்னும் தனிவகையைப் பேணி வந்தன. முதிர்ந்த வேர்க்கட்டையில் உயர்ந்த வகையின் கிளையை ஒட்டுக்கட்டித் தொட்டியில் அமைப்பது அவர்கள் வழக்கம். ஆனால் அவர்கள் தொட்டியை நாடியது அழகுக்காக; அச்சத்தினால் அன்று.

இனிச் செடியின் பெயரைப் பற்றிச் சில சொற்கள். பெயரின் வரலாறு நம் சென்னைக் கோட்டையைத் தொட்டுச் செல்கின்றது. இன்றைய செக் நாட்டில் உள்ள பர்னோ நகரில் 1661-இல் பிறந்தவர் கியார்க் யோசப் காமெல். இயேசு சபையைச் சேர்ந்த இத்துறவி மருந்து செய்வதில் வல்லவர். பிலிப்பைன் தீவுகளில் மணிலாவில் தங்கி, ஏழைகளுக்கு மருந்து வழங்கியும் அத்தீவுகளின் செடிகொடிகளை ஆராய்ந்தும் வாழ்ந்து, 1706-இல் அங்கேயே மறைந்தார். நம் நாட்டு எட்டிக்கு உறவான ஒரு நச்சுக் கொட்டையைப் பற்றி ஐரோப்பிய அறிஞருக்கு எழுதியவர் இவர். இங்கிலாந்திலிருந்த ஜான் ரே, ஜேம்ஸ் பெட்டிவர் என்னும் அறிஞர்களுக்கு இவர் விடுத்த கடிதங்களும் படங்களும் சென்னை வழியாகச் சென்றன. செயின்ட் ஜார்ஜ் கோட்டையில் அறுவை மருத்துவராயிருந்த சாமுவேல் பிரவுன், அவருக்குப்பின் வந்த எட்வர்டு பல்க்லி ஆகிய இருவரும் இடைநின்று உதவினர். பிரவுன் நம் பகுதிச் செடிகளைத் தமிழ்ப் பெயர்களுடன் திரட்டி லண்டனுக்கு அனுப்பியவர். மணிலாவையும் லண்டனையும் பிணைத்த அறிவுக் கயிற்றின் ஒரு முடிச்சு நம் சென்னையில் இருந்தது என்பது நாம் அறியத்தக்கது.

காமெல் இறந்து முப்பது ஆண்டு கழிந்தபின் லின்னேயஸ் அவர் நினைவாக இச்செடிக்குக் 'கமேலியா' என்று பெயர் சூட்டினார். காமெல் இச்செடியை ஐரோப்பாவுக்குக் கொணர்ந்தார் என்று சில நூல்கள் கூறுகின்றன. அது பிழை. அவருக்கும் இம்மலருக்கும் தொடர்பிருந்ததற்குச் சான்று எதுவும் இல்லை. தேயிலை கேட்ட வெள்ளையரைச் சீன வணிகர் ஏமாற்றிக் கமேலியாவைக் கொடுத்தனர் என்னும் கதையும் அத்தகையதே. கேட்கச் சுவையாக இருப்பது வேறு. நடந்ததாக இருப்பது வேறு.

உயிருள்ள கமேலியா இங்கிலாந்தில் இருந்ததற்குத் தெளிவான சான்று 1739-ஆம் ஆண்டளவில் கிடைக்கின்றது. எஸ்ஸெக்ஸ் மாவட்டத்துத் தார்ண்டன் மாளிகையில் வாழ்ந்த எட்டாம் பீட்டர் பிரபு பெருஞ்செல்வர். அயல்நாட்டுச் செடிகளில் தீராத வேட்கை கொண்டவர். கனல் மூட்டி வெப்பமாக்கிய கண்ணாடி இல்லங்கள் பல அவரிடம் இருந்தன. கீழ்த்திசையிலிருந்து வந்த கமேலியாவை அத்தகைய வெப்ப இல்லத்தில் வைத்தார் என்றும், அச்செடிகள் விரைவில் பட்டுப்போயின என்றும் கூறுவர். பிரபுவும் 1742-இல், முப்பது வயது நிறையுமுன், பெரியம்மையால் இறந்தார். ஆயினும் அவரிடம் பணிபுரிந்த தோட்டக்காரர் ஜேம்ஸ் கார்டன் செடியைப் பெருக்கிக் காத்தார். பின்னர் அவர் லண்டனுக்குக் கிழக்கே தாமே ஒரு செடிப்பண்ணை வைத்து மற்றவர்க்கும் விற்றார். செல்வர் கையில் அழிந்தது, தோட்டக்காரர் கையில் பிழைத்தது.

வெப்ப இல்லத்தில் வைக்கவேண்டும் என்னும் எண்ணம் எங்கிருந்து வந்தது? செடிகள் ஏறிவந்த துறைமுகத்திலிருந்து வந்தது என்பதே என் கருத்து. அக்காலத்தில் ஐரோப்பிய வணிகருக்குச் சீனத்தில் திறந்திருந்த ஒரே பெருந்துறை காண்டன். அது கடகக் கோட்டை ஒட்டிய வெப்ப நகரம். அதனை அடுத்த பாத்தி என்னும் இடத்திலிருந்த செடிப்பண்ணைகளுக்கு, குறித்த சில நாட்களில் மட்டும் வெள்ளையர் சென்றுவர இசைவு இருந்தது. தொட்டியில் பூத்துக் குலுங்கிய கமேலியாக்களை அவர்கள் அங்கேதான் விலைக்கு வாங்கினர். கடைவீதியைக் கண்டவர் காட்டைக் கண்டிலர். செடியை வாங்கிய ஊரையே செடி பிறந்த ஊராகக் கொண்டுவிட்டனர். அப்பண்ணைகளில் இவ்வகைகளைத் தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்து வளர்த்த சீனத் தோட்டக்காரர் ஒருவரின் பெயர்கூட ஐரோப்பிய மலர் நூல்களில் நிலைபெறவில்லை. செடியை ஏற்றிவந்த கப்பல் தலைவர்களின் பெயர்களோ நிலைத்துவிட்டன.

கப்பற் பயணத்தின் கொடுமையையும் சொல்ல வேண்டும். காண்டனிலிருந்து புறப்பட்ட கப்பல் சுந்தா நீரிணை வழியாக இந்துமாக்கடலைக் கடந்து, நன்னம்பிக்கை முனையைச் சுற்றி, நிலநடுக்கோட்டை இருமுறை தாண்டி லண்டனை அடைய ஏறத்தாழ ஆறு மாதம் ஆகும். கப்பலில் குடிநீர் அளந்து கொடுக்கப்படும். மாலுமிக்கே குறைந்த நீர் தொட்டிச் செடிக்கு எங்ஙனம் கிட்டும்? மேல்தட்டில் வைத்தால் உப்புத் திவலை இலையைக் கருக்கும். கீழ்த்தட்டில் வைத்தால் ஒளியின்றி வெளிறும். மக்காவோவில் வாழ்ந்த ஆங்கில மருத்துவர் ஜான் லிவிங்ஸ்டன், 1819-இல் லண்டன் தோட்டக்கலைக் கழகத்துக்கு எழுதிய கடிதத்தில் ஒரு கணக்குத் தந்தார். உயிருடன் இங்கிலாந்து சேரும் ஒரு செடிக்கு ஆயிரம் செடிகள் வழியில் மடிகின்றன என்பது அவர் மதிப்பு. அவ்வாறாயின், பிழைத்த ஒவ்வொரு செடியின் அடக்க விலையும் முந்நூறு பவுனைத் தாண்டும் என்றும் அவர் கணக்கிட்டார்.

அவ்வாறு பிழைத்து வந்தவற்றுள் இரண்டு புகழ்பெற்றவை. 1792-இல் 'கர்நாடிக்' என்னும் கிழக்கிந்தியக் கம்பெனிக் கப்பலின் தலைவர் கான்னர், அடுக்கிதழ் வெண்கமேலியாவையும் வரிகள் கலந்த வேறொரு வகையையும் கொணர்ந்தார். நம் கருநாடகப் பகுதியின் பெயரைத் தாங்கிய கப்பல் அது. 'ஆல்பா பிளேனா' எனப்படும் அவ்வெண்மலரில் மகரந்தத் தாள்களெல்லாம் இதழ்களாகவே மாறியிருப்பதால் விதை உண்டாவதில்லை. போத்து நட்டோ ஒட்டுக்கட்டியோதான் அதனைப் பெருக்க இயலும். எனவே இன்று உலகில் உள்ள ஒவ்வொரு 'ஆல்பா பிளேனா'வும் சீனப் பண்ணையில் நின்ற பழைய செடியின் கிளையே ஆகும். 1800-ஆம் ஆண்டளவில் அது அமெரிக்காவுக்கும் சென்றது.

முந்நூறு பவுன் பெறுமானமுள்ள செடியை எவரேனும் பனியில் வைப்பரோ? செடியின் அருமையே அதன் சிறைக்கு முதற் காரணமாயிற்று. ஆனால் செடிகள் பெருகி விலை மலிந்த பின்னரும் அவ்வெண்ணம் நீங்கவில்லை. இதற்குத் தொட்டி வளர்ப்பிலேயே காரணங்கள் மறைந்து கிடந்தன என்று நான் கருதுகிறேன். வரலாறு பயில்வோர் இதனைச் சற்று ஊன்றிக் கேட்கவேண்டும்.

கமேலியா கோடையில் அரும்பு கட்டுகிறது, குளிர்காலத்தில் மலர்கிறது. கோடையின் பிற்பகுதியில் தொட்டி மண் ஓரிரு முறை நன்றாகக் காய்ந்துவிட்டால் அப்பொழுது செடியில் வேறுபாடு எதுவும் தெரியாது. மாதங்கள் கழிந்து, மலரும் பருவம் நெருங்குகையில் மொட்டுகள் ஒவ்வொன்றாக உதிரும். தோட்டக்காரர் என்ன நினைப்பார்? வெளியே பனி பெய்கிறது, மொட்டு உதிர்கிறது, ஆகவே குளிரே பகை என்று எண்ணி அடுப்பில் இன்னும் கரி இடுவார். அறையின் காற்று வறண்டு வெம்மை மிகுந்ததும் எஞ்சிய மொட்டுகளும் உதிரும். குற்றம் ஆகஸ்டில் நிகழ்ந்தது. தண்டனை ஜனவரியில் வந்தது. இரண்டையும் இணைத்துப் பார்க்க நெடுநாள் ஆயிற்று.

இன்னொன்று: நிலத்தில் நிற்கும் கமேலியாவின் வேரை மண் போர்வைபோல் மூடிக் காக்கின்றது. தொட்டியில் நிற்பதற்கோ நாற்புறமும் குளிர் தாக்கும். மண் முழுதும் உறைந்து வேர் நைந்துவிடும். ஆகவே தொட்டியை வெளியில் வைத்துச் செடி மடியக் கண்டவர், 'இது குளிர் தாங்காத செடி' என்று முடிவு கட்டினர். தாங்காதது செடியன்று, தொட்டி. தொட்டியில் வைத்ததனால் பிறந்த சான்றையே தொட்டியில் வைப்பதற்குக் காரணமாகக் காட்டினர். மேலும், உறைபனி பட்ட வெண்மலர் ஒரே காலையில் பழுப்பேறிவிடும். செடிக்கு ஊறு இல்லை, மலருக்குத்தான் ஊறு. மலருக்காகவே செடியை வளர்த்தவர் கண்ணுக்கு இரண்டும் ஒன்றாகத் தோன்றின.

காலப்போக்கில் பண்ணைக்காரர் சில உண்மைகளைக் கண்டறிந்தனர். கமேலியாவுக்கு வேண்டுவது வெப்ப அறை அன்று; உறைபனி அணுகாத, காற்றோட்டமுள்ள குளிர்ந்த அறையே. மண் புளிப்புத் தன்மை உடையதாயிருக்க வேண்டும். சுண்ணாம்பு கலந்த மண்ணிலும், சுண்ணாம்பு மிகுந்த கிணற்று நீரிலும் இலை மஞ்சளாகும். ஆதலால் மழைநீரைத் தேக்கி ஊற்றுதல் நன்று. இலைமக்கு மிகுந்த, நீர் தேங்காத மண் ஏற்றது. வேர்க்கட்டியின் தலை மண்ணின் மேற்பரப்பில் இருக்குமாறு நடவேண்டும்; ஆழ நட்டால் வேர் அழுகும். தொட்டியை மாற்றுவதாயின் பூத்து முடிந்த பின், பழையதைவிடச் சிறிதே பெரிய தொட்டிக்கு மாற்ற வேண்டும். ஒரு காம்பில் பல மொட்டுகள் நெருங்கியிருந்தால் சிலவற்றைக் கிள்ளிவிடுவர். மலர்ந்திருக்கும் செடியை விடியற் கதிர் நேரே படும் இடத்தில் வையார். உறைந்த இதழ் விரைந்து உருகினால் கெடும். இன்றைய பண்ணையாரும் இவற்றையே சொல்கின்றனர்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதி கமேலியாவின் பொற்காலம். லண்டனிலுள்ள சிஸ்விக் மாளிகையில் 1813-இல் 300 அடிக்கும் மேல் நீண்ட கண்ணாடிக் கூடம் ஒன்று எழுந்தது. 1828-இல் அங்கே வைத்த கமேலியாக்களுள் சில இன்றும் பூக்கின்றன. பாரிஸ் நகரில் பெர்லேஸ் என்னும் பாதிரியார் 1841 முதல் 1843 வரை 300 வண்ணப் படங்களுடன் கமேலியா நூல் வெளியிட்டார். பெல்ஜியத்தில் கெண்ட் நகரத்து வெர்ஷாஃபெல்ட் குடும்பத்தினர் 1848 முதல் 1860 வரை 13 தொகுதிகளில் 600-க்கும் மேற்பட்ட படங்களை வெளியிட்டனர். இங்கிலாந்தில் 1845-இல் கண்ணாடி மீதிருந்த வரி நீங்கியது. நடுத்தரக் குடும்பத்தாரும் சிறு கண்ணாடி இல்லம் அமைக்கலாயினர். பிரபுவின் செடி வழக்கறிஞர் வீட்டுக்கும் வந்தது. பாரிஸில் மாலை விருந்துகளுக்குச் செல்வோர் ஆடையில் கமேலியாவைச் செருகிக்கொண்டனர். இளைய டூமா 1848-இல் கமேலியாவைப் பெயரிலேயே தாங்கிய புதினத்தை எழுதினார். அக்கதையே 1853-இல் வெர்டியின் இசை நாடகமாக வெனிஸ் நகரில் அரங்கேறியது.

எல்லோர் கைக்கும் எட்டிய பொருளைச் செல்வர் கைவிடுதல் உலக இயல்பு. 1870-க்குப் பின் ஆர்க்கிட் முதலிய புதுச் செடிகள் கண்ணாடி இல்லங்களில் புகுந்தன. பல இடங்களில் கமேலியாக்கள் வெளியே தள்ளப்பட்டன. கேட்பாரற்றுத் தோட்ட மூலையில் கிடந்த செடிகளுட் பல இறந்துபடாமல், மண்ணில் வேரூன்றி, பனியில் நனைந்து, செழித்துப் பூத்தன! மென்மையான தட்பவெப்பமுடைய போர்ச்சுக்கலிலும் வட இத்தாலிய ஏரிக்கரைகளிலும் கமேலியா முன்னரே திறந்த வெளியில் மரமாக வளர்ந்து நின்றது. அதனைக் கண்டிருந்தும், இங்கிலாந்து தன் செடியைத் தானே புறக்கணித்த பின்னரே பாடம் கற்றது.

ஆங்கு ஒரு புதுத் தொடக்கமும் ஏற்பட்டது. ஜார்ஜ் ஃபாரெஸ்ட் என்பவர் சீனத்து யுன்னான் மலைகளில் திரட்டிய விதைகளிலிருந்து சாலுவெனென்சிஸ் என்னும் காட்டு இனம் இங்கிலாந்து சேர்ந்தது. கார்ன்வால் பகுதியில் கேர்ஹேஸ் மாளிகையில் ஜே. சி. வில்லியம்ஸ் என்பவர் 1920-களில் அதனையும் ஜப்பானியக் கமேலியாவையும் கலந்து புதிய இனத்தை உண்டாக்கினார். இக்கலப்பினம் கோடை வெப்பம் குறைந்த நாட்டிலும் தாராளமாக அரும்பு கட்டும். வாடிய மலரைத் தானே உதிர்த்துவிடும். அதன்பின் தொட்டி தேவைப்பட்டது, மண்ணில் சுண்ணாம்பு மிகுந்த ஊர்களிலும், நிலமில்லாத நகர வீடுகளிலுமே.

இறுதியாக ஒரு மரத்தைக் குறிப்பிட விரும்புகிறேன். ஜெர்மனியில் டிரெஸ்டன் நகரில், எல்பே ஆற்றங்கரையில், பில்னிட்ஸ் அரண்மனைப் பூங்கா உள்ளது. அங்கே 1801-இல் ஒரு கமேலியாவை நிலத்தில் நட்டனர். ஜப்பானிலிருந்து துன்பெர்க் என்னும் அறிஞர் கொணர்ந்த நான்கு செடிகளுள் எஞ்சியது அதுவே என்று வழிவழியாகச் சொல்லப்படுகின்றது. துன்பெர்க் ஜப்பானில் இருந்ததும், திரும்பும் வழியில் இலங்கையில் தங்கியதும் உண்மை. நான்கு செடிகளின் கதைக்கு உறுதியான சான்று இல்லை. அங்கே குளிர் கடுமையானது ஆதலால், ஆண்டுதோறும் குளிர்காலத்தில் மரத்தைச் சுற்றி மரப்பலகை வீடு கட்டி, உள்ளே கணப்பு மூட்டி வைத்து வந்தனர். 1905 ஜனவரியில் அவ்வீடு தீப்பற்றி எரிந்தது. அன்று வெளியே குளிர் சுழிக்குக் கீழ் 20 பாகை. தீயணைக்கப் பாய்ச்சிய நீர் மரத்தின்மேல் பனிக்கட்டியாக உறைந்து, கவசம்போல் மூடியது. மரம் பிழைத்து மீண்டும் துளிர்த்தது. காப்பதற்கு மூட்டிய கணப்பு எரிக்க முயன்றது, பகையென்று அஞ்சிய பனி காத்து நின்றது.

இன்று அம்மரம் ஏறத்தாழ 9 மீட்டர் உயரம் வளர்ந்து, பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை ஆயிரக்கணக்கில் பூக்கின்றது. 1992-இல் அதற்கென 54 டன் எடையுள்ள கண்ணாடி வீடு ஒன்று அமைத்தனர். அது தண்டவாளத்தின்மேல் நகரக்கூடியது. குளிர்காலம் வந்ததும் வீடு உருண்டு வந்து மரத்தைச் சூழ்கின்றது. உள்ளே வெப்பம் 4 முதல் 6 பாகை வரை மட்டுமே வைக்கப்படுகின்றது. இளவேனில் முதிர்ந்ததும் வீடு விலகிச் செல்கின்றது. மரம் நின்ற இடத்திலேயே நின்று மழையும் வெயிலும் பெறுகின்றது.